தன்னியக்கக் கருவிகள் வழித் தீச்சுவர் விதி நீக்கம்

தீச்சுவர் விதி நீக்கம் என்பது கணினி வலையமைப்பொன்றின் தீச்சுவரில் முன்னர் எழுதப்பட்ட அனுமதி விதியையோ தடை விதியையோ அகற்றும் பணியாகும். ஒரே சாதனத்தில் கைப்பட இதைச் செய்வது எளிது. நூற்றுக்கணக்கான திசைவிகளிலும் வழங்கிகளிலும் ஒரே வேளையில் செய்ய வேண்டியபோது ஆன்சிபிள், பப்பெட், டெராஃபார்ம் போன்ற தன்னியக்க வலையமைப்பு மேலாண்மைக் கருவிகள் பயன்படுத்தப்படுகின்றன. விதியொன்றைச் சேர்ப்பதன் மறுதலையே அதை நீக்குவது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் நடைமுறையில் இவை இரண்டும் ஒத்தவை அல்ல. சேர்க்கும் விதி என்ன செய்யும் என்பதைப் பெரும்பாலும் அவ்விதியையும் அது அமையும் இடத்தையும் கொண்டே அறியலாம். நீக்கிய பின் என்ன நிகழும் என்பதையோ எஞ்சியிருக்கும் விதிகளே முடிவு செய்கின்றன.

பின்னணி

தீச்சுவர் (தீயரண் எனவும் வழங்கும்) தன் வழியே செல்லும் தரவுப் பொதி ஒவ்வொன்றையும் விதிப்பட்டியல் ஒன்றுடன் ஒப்பிட்டு, அதைச் செல்லவிடுகிறது அல்லது தடுக்கிறது. பல தீச்சுவர்களில் பட்டியல் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். முதலில் பொருந்தும் விதியே செல்லுபடியாகும். எதுவும் பொருந்தாவிடில் இயல்புக் கொள்கை எனப்படும் கடைசி முடிவு செயற்படும். பொதிகளை இவ்வாறு வடிகட்டும் முறை 1980களின் பிற்பகுதியில் உருவானது. லினக்சு இயக்குதளத்தில் இப்பணியைச் செய்யும் ஐபிடேபிள்ஸ், 2001இல் வெளிவந்த 2.4 கருனியுடன் பரவலானது. அதன் வழித்தோன்றலான என்எஃப்டேபிள்ஸ் 2014இல் கருனியில் இடம்பெற்றது.

அமைவடிவத்தைக் கோப்பாக எழுதிவைத்துக் கருவியைக் கொண்டு நிறைவேற்றும் எண்ணம் 1993இல் மார்க் பர்கெசு உருவாக்கிய சிஎஃப்எஞ்சினில் தொடங்குகிறது. பப்பெட் 2005இலும், ஆன்சிபிள் 2012இலும், டெராஃபார்ம் 2014இலும் வெளிவந்தன. இவற்றுள் ஆன்சிபிள், சாதனத்தில் தனி முகவர் மென்பொருள் எதையும் நிறுவ வேண்டாத காரணத்தால், திசைவிகளையும் தீச்சுவர்களையும் பேணுவோரிடையே விரைவில் பரவியது. அந்நிறுவனத்தை 2015இல் ரெட் ஹாட் வாங்கியது.

நீக்க வேண்டிய தேவை

விதிப்பட்டியல்கள் தாமாகச் சுருங்குவதில்லை. புதிய சேவைக்கு வழி திறக்கக் கோருவோர் உண்டு. சேவை முடிந்தபின் அவ்வழியை மூடக் கோருவோர் அரிது. ஒப்பந்தப் பணியாளருக்கு ஒரு வாரத்திற்கெனத் திறக்கப்பட்ட வழி, அவர் சென்று பல ஆண்டுகள் ஆன பின்னும் திறந்தே கிடப்பதுண்டு. அந்த முகவரி பின்னர் வேறொரு கணினிக்கு ஒதுக்கப்பட்டால், யாரும் எண்ணிப் பாராத ஒருவருக்கு நுழைவுரிமை கிடைத்துவிடும்.

அவிசாய் வூல் என்ற ஆய்வாளர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், நிறுவனங்களில் பயன்பாட்டில் இருந்த 37 தீச்சுவர்களின் விதித்தொகுப்புகளை ஆராய்ந்தார். விதித்தொகுப்பு சிக்கலாக ஆக அதிலுள்ள பிழைகளும் மிகுகின்றன என்பது அவர் கண்ட முடிவுகளுள் ஒன்று. கடன் அட்டைத் தரவைக் கையாளும் நிறுவனங்களுக்கான பிசிஐ டிஎஸ்எஸ் தரம், தீச்சுவர் விதிகளை ஆறு மாதங்களுக்கு ஒருமுறையேனும் மீளாய்வு செய்யுமாறு பணிக்கிறது. அம்மீளாய்வின் இயல்பான விளைவு, பயனற்ற விதிகளை நீக்குவதாகும்.

நீக்கத்தின் பொருள் மாறும் விதம்

நான்கு வகைப் பிழைகள் நடைமுறையில் அடிக்கடி காணப்படுகின்றன.

முதலாவது, நிழல் விதிகளால் விளைவது. 192.0.2.0 முதல் 192.0.2.255 வரையிலான முகவரிகள் அனைத்தையும் அனுமதிக்கும் விதியொன்று பட்டியலில் உள்ளது என்க. அதற்கு மேலே 192.0.2.40 என்ற ஒரு முகவரியைத் தடுக்கும் விதி இருக்கிறது. பழையதாகத் தோன்றும் அத்தடை விதியை நீக்கியவுடன், அம்முகவரி கீழுள்ள அனுமதியின் வழியே உள்ளே வந்துவிடும். நீக்கியவர் புதிதாக எதையும் அனுமதிக்கவில்லை. ஆயினும் கதவு திறந்துவிட்டது. ஒரு விதி மற்றொன்றை மறைத்தல், தேவையின்றி ஒரே பொருளைத் தருதல், ஒன்றையொன்று பகுதியளவில் வெட்டுதல் ஆகிய முரண்களை எகாப் அல்-சாயர், கசெம் கமெத் ஆகியோர் 2003, 2004ஆம் ஆண்டுகளில் வகைப்படுத்தினர். விதிப்பட்டியலை முன்கூட்டிப் பகுத்தாயும் இன்றைய மென்பொருட்கள் பல இவ்வகைப்பாட்டையே பின்பற்றுகின்றன.

இரண்டாவது, கடைசி விதியை நீக்குவதால் விளைவது. சிஸ்கோ ஐஓஎஸ் இயங்கும் திசைவிகளில் அணுக்கக் கட்டுப்பாட்டுப் பட்டியல் ஒன்றில் ஒரு விதியேனும் இருந்தால், அதன் இறுதியில் கண்ணுக்குத் தெரியாத ‘அனைத்தையும் தடு’ என்ற விதி இருப்பதாகக் கொள்ளப்படும். ஆனால் பட்டியலே இல்லாமற் போய், அதன் பெயர் மட்டும் இடைமுகத்தில் பொருத்தப்பட்டிருந்தால், அனைத்துப் பொதிகளும் அனுமதிக்கப்படும். எனவே பத்து அனுமதி விதிகளில் ஒன்பதை நீக்கும்வரை வழி குறுகிக்கொண்டே வரும். பத்தாவதையும் நீக்கியதும் முற்றிலும் திறந்துவிடும். இலக்கமிடப்பட்ட பட்டியல்களில் இன்னொரு பொறியும் உண்டு. அவற்றில் ஒரு வரியை நீக்குவதாக எண்ணிக் கட்டளையின் முன் ‘நோ’ எனச் சேர்த்து இட்டால், அவ்வரி மட்டுமன்றிப் பட்டியல் முழுவதும் அழிந்துவிடும் வழக்கம் நெடுநாள் இருந்தது. இதை ஒருமுறை பட்டறிந்தவர் பின்னர் மறப்பதில்லை.

லினக்சில் நிலைமை இதற்கு நேர்மாறானது. ஐபிடேபிள்சில் இயல்புக் கொள்கை ‘தடு’ என அமைந்திருக்கையில் விதிகள் அனைத்தையும் துடைத்தால், கொள்கை மட்டும் எஞ்சி நின்று எல்லாவற்றையும் தடுத்துவிடும். தொலைவிலிருந்து அக்கட்டளையை இட்ட நிருவாகியின் சொந்த இணைப்பும் அக்கணமே அறுந்துபோகும். ஆக, ‘எல்லா விதிகளையும் நீக்கு’ என்ற ஒரே சொற்றொடர் ஓரிடத்தில் முழுத் திறப்பையும் வேறோரிடத்தில் முழு அடைப்பையும் குறிக்கிறது. பலவகைச் சாதனங்களை ஒரே கருவியால் ஆளும்போது இவ்வேறுபாடு கருவியின் பொதுமொழிக்குள் மறைந்துவிடுகிறது.

மூன்றாவது, வரிசை எண் பிழை. ஐபிடேபிள்சில் ஐந்தாம் விதியை நீக்கியதும் ஆறாம் விதி ஐந்தாவதாகிவிடும். ஐந்தையும் ஆறையும் நீக்க விரும்பி அதே வரிசையில் கட்டளையிட்டால், உண்மையில் நீங்குவன பழைய ஐந்தாவதும் ஏழாவதும் ஆகும். எண்ணைக் கொண்டு நீக்குவதாயின் பெரிய எண்ணிலிருந்து தொடங்க வேண்டும். விதியின் முழு வடிவத்தையும் எழுதி நீக்குவது இதனினும் பாதுகாப்பானது.

நான்காவது, நடப்பிலுள்ள இணைப்புகளைப் பற்றியது. நிலையறி தீச்சுவர்கள் ஏற்கெனவே நிறுவப்பட்ட இணைப்புகளைத் தனி அட்டவணையில் நினைவில் வைத்திருக்கும். அனுமதி விதியை நீக்கினால் புதிய இணைப்புகள் மட்டுமே தடுபடும். அதற்கு முன் நுழைந்தவர் தொடர்ந்து உள்ளேயே இருக்கக்கூடும். அமேசானின் மேகக் கணிமைச் சேவையிலுள்ள பாதுகாப்புக் குழுக்களும் பெரும்பாலும் இவ்வாறே நடந்துகொள்கின்றன. ஊடுருவல் ஒன்றை நிறுத்துவதற்காக விதியை நீக்குவோர், இணைப்பு அட்டவணையையும் துடைத்தாலன்றித் தம் நோக்கத்தை அடைய இயலாது.

கருவிகள் நீக்கத்தை உணர்த்தும் முறை

ஆன்சிபிளில் செய்ய வேண்டிய பணிகள் பிளேபுக் எனப்படும் உரைக்கோப்பில் எழுதப்படுகின்றன. விதியொன்று ‘பிரசன்ட்’ (இருத்தல்) நிலையில் இருக்க வேண்டும் என எழுதினால், கருவி சாதனத்தைப் பார்த்து, விதி இல்லாவிடில் சேர்க்கும், இருந்தால் வாளாவிருக்கும். ‘ஆப்சென்ட்’ (இல்லாமை) என எழுதினால், இருப்பின் நீக்கும். இல்லாவிடில் ஒன்றும் செய்யாது. எத்தனை முறை இயக்கினாலும் முடிவு மாறாது என்பது இதன் சிறப்பு.

புதிதாகப் பயில்வோர் தவறாது இடறும் இடம் ஒன்றுண்டு. பிளேபுக்கிலிருந்து ஒரு விதியின் வரிகளை அழித்துவிட்டால் சாதனத்திலும் அவ்விதி அழிந்துவிடும் என அவர்கள் எண்ணுகின்றனர். அவ்வாறு நிகழ்வதில்லை. வரிகளை அழித்ததால் கருவி அவ்விதியை மறந்துவிட்டது என்பதே பொருள். விதி சாதனத்தில் அப்படியே இருக்கும். இனி எந்தக் கோப்பிலும் அதைப் பற்றிய குறிப்பு இராது என்பதால், முன்னினும் மோசமான நிலை இது. முதலில் நிலையை ‘ஆப்சென்ட்’ என மாற்றி எல்லாச் சாதனங்களிலும் இயக்கி, விதி நீங்கியதை உறுதிசெய்த பின்னரே வரிகளை அழிக்க வேண்டும். அன்று மின்சாரமின்றி அணைந்திருந்த சாதனம் ஒன்று மறுவாரம் எழுந்து வரும்போது பழைய விதியுடனேயே வரும் என்பதால், ‘ஆப்சென்ட்’ வரிகளைச் சில காலம் விட்டுவைப்பது நன்று.

டெராஃபார்ம் இதற்கு மாறானது. தான் உருவாக்கியவற்றின் பட்டியலை அது நிலைக்கோப்பு ஒன்றில் பேணுவதால், கோப்பிலிருந்து ஒரு பகுதியை நீக்கினால் அடுத்த முறை இயக்கும்போது உண்மைப் பொருளும் நீக்கப்படும். ஒரு கருவியில் பழகிய கை மற்றதற்கு மாறும்போது இரு திசையிலும் தவறு நேர்வதற்கு இடமுண்டு.

முழுத் தொகுப்பையும் ஒருசேர மாற்றும் கட்டளைகள் மிகுந்த கவனத்திற்கு உரியவை. சிஸ்கோ ஐஓஎஸ் பட்டியல்களுக்கான ஆன்சிபிள் கூறில் ‘டெலிட்டட்’ என்ற நிலையைக் குறிப்பிட்டு, எந்தப் பட்டியல் என்பதைக் கூறாமல் விட்டால், சாதனத்திலுள்ள அனைத்துப் பட்டியல்களும் நீக்கப்படும். மாறி ஒன்றின் மதிப்பு தவறுதலாக வெறுமையாக இருந்தாலும் இதுவே விளைவாகலாம். ‘ஓவர்ரிடன்’ என்ற நிலை, கோப்பில் கூறப்படாத பட்டியல்களை எல்லாம் துடைத்துவிடும். பப்பெட்டின் தீச்சுவர்க் கூறிலும் தான் அறியாத விதிகளைக் களையும் வசதி உள்ளது. கைப்பட எழுதப்பட்ட கள்ள விதிகளை ஒழிக்க இது உதவும். ஆனால் டாக்கர் போன்ற மென்பொருட்கள் தம் தேவைக்குத் தாமே எழுதிக்கொள்ளும் ஐபிடேபிள்ஸ் விதிகளையும் இது களைந்துவிடக்கூடும். கொள்கலன்களின் வலையிணைப்பு அதனால் அறுந்துபோகும்.

நீக்கம் நிலைத்ததா என்பதும் தனிக் கேள்வி. சிஸ்கோ திசைவியில் இயங்கும் அமைவடிவம் ஒன்று, தொடக்க அமைவடிவம் வேறொன்று. இயங்குவதில் நீக்கிவிட்டுச் சேமிக்காமல் விட்டால், மறுதொடக்கத்தின்போது விதி உயிர்த்தெழும். ஃபயர்வால்டி மென்பொருளிலும் நடப்பு விதிகளும் நிலையான விதிகளும் வேறு வேறு. நிலையானவற்றில் மட்டும் நீக்கினால் மறு ஏற்றம் வரை பழைய வழி திறந்தே இருக்கும். நடப்பில் மட்டும் நீக்கினால் மறு ஏற்றத்தில் திரும்பிவிடும்.

நீக்கத்தின் இவ்விரட்டைத் தன்மையைத் தர ஆவணங்களிலும் காணலாம். சாதனங்களின் அமைவடிவத்தை மாற்றுவதற்கான நெட்கான்ஃப் நெறிமுறை 2006இல் முதன்முறை வெளியானபோது ‘டெலீட்’ என்ற ஒரு செயல் மட்டும் இருந்தது. நீக்க வேண்டிய பொருள் இல்லாவிடில் அது பிழையைத் திருப்பி அனுப்பும். 2011இல் வந்த ஆர்எஃப்சி 6241இல் ‘ரிமூவ்’ என்ற செயலும் சேர்க்கப்பட்டது. பொருள் இல்லாவிடில் இது அமைதியாக இருந்துவிடும். அமைதியாக இருப்பது தன்னியக்கத்திற்கு வசதி. ஆனால் விதியின் பெயரை எழுத்துப்பிழையுடன் எழுதியவருக்கும் அதே அமைதியே விடையாகக் கிடைக்கும்.

பயன்பாட்டு எண்ணிக்கை

எந்த விதியை நீக்கலாம் எனத் தேர்வதற்குப் பெரும்பாலோர் பயன்பாட்டு எண்ணிக்கையை நம்புகின்றனர். ஒரு விதி எத்தனை பொதிகளுடன் பொருந்தியது என்பதைத் தீச்சுவர்கள் பல எண்ணி வைக்கின்றன. எண்ணிக்கை சுழியமாக உள்ள விதி பயனற்றது என்ற முடிவு எளிதாகத் தோன்றினாலும் நம்பத்தக்கதன்று. மறுதொடக்கத்தின்போது எண்ணிக்கை சுழியத்திற்குத் திரும்பிவிடுவதுண்டு. மேலும் ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் தேவைப்படும் விதிகள் உள்ளன: பொதுத்தேர்வு முடிவு வெளியாகும் நாளில் கூடுதல் வழங்கிகளைத் திறக்கும் விதி, மார்ச் 31 கணக்கு முடிப்புக்கான விதி, முதன்மை நிலையம் வீழ்ந்தால் மட்டும் பயன்படும் மாற்று நிலையத்தின் விதி ஆகியன. கடைசியாகக் கூறியது தேவைப்படும் நாள், அதை நீக்கியது யார் என்று தேடுவதற்கு உகந்த நாள் அன்று.

இதனால் நீக்குவதற்கு முன் செயலிழக்கச் செய்து வைக்கும் வழக்கம் உள்ளது. யூனிப்பர் சாதனங்களில் ‘டிஆக்டிவேட்’, சிஸ்கோ ஏஎஸ்ஏ தீச்சுவரில் ‘இன்ஆக்டிவ்’ ஆகிய சொற்கள் விதியை அழிக்காமல் உறங்க வைக்கின்றன. சில மாதங்கள் குறை எதுவும் எழாவிடில் விதி அழிக்கப்படும்.

கனடா, 2022: ஒரு வடிகட்டியின் நீக்கம்

நீக்கத்தின் விளைவை உலகறியக் காட்டிய நிகழ்வு, 2022ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள் கனடாவின் ராஜர்ஸ் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் நேர்ந்தது. அந்நிறுவனத்தின் தலைமையிடம், தமிழர் பெருந்தொகையாக வாழும் டொராண்டோ நகராகும். அங்கு நீக்கப்பட்டது பொதிகளைத் தடுக்கும் தீச்சுவர் விதி அன்று. திசைவிகள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் வழித்தகவலை வடிகட்டும் விதி. ஆயினும் அதுவும் அணுக்கக் கட்டுப்பாட்டுப் பட்டியல் வகையைச் சார்ந்ததே.

மைய வலையமைப்பை மேம்படுத்தும் ஏழு கட்டப் பணியின் ஆறாம் கட்டத்தில், அதிகாலை 4.43 மணியளவில், பகிர்வுத் திசைவிகளின் அமைவடிவத்திலிருந்து அவ்வடிகட்டி நீக்கப்பட்டது. அதுவரை தடுத்து நிறுத்தப்பட்டிருந்த இணைய வழித்தகவல் அனைத்தும் வெள்ளமாக மையத் திசைவிகளுக்குள் பாய்ந்தது. அத்திசைவிகளில் மிகைச்சுமைக்கு எதிரான வரம்பு எதுவும் அமைக்கப்படவில்லை. அவை நினைவகமும் செயலாற்றலும் போதாமல் வீழ்ந்தன. கம்பியில்லாச் சேவையும் கம்பிவழிச் சேவையும் ஒரே மையத்தைப் பகிர்ந்துகொண்டதால் இரண்டும் நின்றன. 1 கோடியே 20 இலட்சத்திற்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டனர். 911 அவசர அழைப்புகள் பலருக்குக் கிட்டவில்லை; இன்டராக் பற்று அட்டைக் கொடுப்பனவுகள் நாடெங்கும் தடைப்பட்டன. சேவை மீள ஏறத்தாழ 26 மணிநேரம் ஆயிற்று.

கனடிய ஒழுங்காற்று ஆணையமான சிஆர்டிசி, சோனா பார்ட்னர்ஸ் என்ற நிறுவனத்தைக் கொண்டு இதை ஆராய்வித்தது. அறிக்கையின் சுருக்கம் 2024 சூலையில் வெளியானது. இக்கட்டுரையின் பொருளுக்கு நெருக்கமான கூறு ஒன்று அதில் உள்ளது. தொடக்கத்தில் இப்பணி முழுவதும் ‘உயர் இடர்’ என மதிப்பிடப்பட்டிருந்தது. முந்தைய கட்டங்கள் தடையின்றி முடிந்ததால், இடரைக் கணக்கிடும் வழிமுறை ஆறாம் கட்டத்தைத் ‘தாழ் இடர்’ எனத் தானே குறைத்துவிட்டது. உயர் இடருக்கு உரிய மேலாய்வும் ஆய்வகச் சோதனையும் அதனால் நிகழவில்லை. முன் ஐந்து கட்டங்களின் வெற்றி, ஆறாவதில் எதை நீக்குகிறார்கள் என்பதைப் பற்றி எதையும் கூறாது என்பதை அக்கணக்கு அறிந்திருக்கவில்லை.

அறிக்கை சுட்டிய இன்னொரு குறை மீட்பைப் பற்றியது. திசைவிகளைப் பேணுவதற்கான மேலாண்மை வலையமைப்பும் வீழ்ந்த மையத்தையே சார்ந்திருந்தது. பொறியாளர்கள் பழுதான சாதனங்களை அணுகவும் முடியவில்லை, பிழைப்பதிவுகளைப் பார்க்கவும் முடியவில்லை. பழுதின் காரணத்தைக் கண்டறியவே ஏறத்தாழ 14 மணிநேரம் ஆயிற்று.

இதற்கு முந்தைய ஆண்டு, 2021 அக்டோபர் 4ஆம் நாள், முகநூல் நிறுவனத்தின் சேவைகள் உலகெங்கும் சுமார் ஆறு மணிநேரம் நின்றதிலும் இதனை ஒத்த கூறுகள் உண்டு. பராமரிப்பின்போது இடப்பட்ட கட்டளையொன்று முதுகெலும்பு இணைப்புகளைத் துண்டித்தது. அத்தகைய கட்டளைகளைத் தடுக்க வேண்டிய தணிக்கைக் கருவியிலேயே வழு இருந்தது.

மீட்சிக்கான ஏற்பாடுகள்

இத்தகைய துண்டிப்புக்கு எதிரான எளிய ஏற்பாடு, உறுதிசெய்யாவிடில் தானே பழைய நிலைக்குத் திரும்பும் மாற்றமாகும். யூனிப்பர் சாதனங்களில் ‘கமிட் கன்ஃபர்ம்ட்’ என்ற கட்டளையின்படி, மாற்றம் செய்தபின் 10 நிமிடங்களுக்குள் நிருவாகி உறுதிப்படுத்தாவிடில் முந்தைய அமைவடிவம் மீளும். நெட்கான்ஃப் நெறிமுறையிலும் இயல்பான காலவரம்பு 600 நொடிகளே. லினக்சில் ஐபிடேபிள்ஸ்-அப்ளை இதே வேலையைச் செய்கிறது. இவ்வசதியில்லாத பழைய சிஸ்கோ திசைவிகளில், மாற்றத்திற்கு முன் ‘சில நிமிடங்களில் மறுதொடக்கம் செய்’ எனக் கட்டளையிட்டு, எல்லாம் சரியெனில் அதை விலக்கிக்கொள்வது நிருவாகிகளின் நெடுநாள் உத்தி. மாற்றத்தைச் சேமிக்காமல் வைத்திருந்தால் மட்டுமே இது பயன்தரும்.

இதன் அருமை தொலைதூர இடங்களில்தான் தெரியும். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளை ஒளியிழை வழியே இணைப்பதற்கான பாரத்நெட் இரண்டாம் கட்டத் திட்டத்தைத் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் நிறைவேற்றுகிறது. நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையிலுள்ள ஆலத்தூர் நாடு போன்ற மலை ஊராட்சிகளை எடுத்துக்கொள்க. அங்குள்ள சாதனமொன்றில், மேலாண்மை இணைப்பை அனுமதிக்கும் விதியைச் சமவெளியில் அமர்ந்திருப்பவர் தவறி நீக்கிவிட்டால், அதைத் தொலைவிலிருந்து திருத்த இயலாது. காரவள்ளியிலிருந்து மேலேறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஒருவர் நேரில் செல்ல வேண்டும். அவர் சென்று சேரும் வரை அவ்வூராட்சி அலுவலகத்தின் இணையவழிப் பணிகள் முடங்கிக் கிடக்கும். பத்து நிமிடத்தில் தானே மீளும் மாற்றம், இப்பயணத்தை இல்லாமற் செய்கிறது. செல்பேசி வலையமைப்பு வழியேனும் சாதனத்தை அணுகும் தனி மேலாண்மை வழி அமைப்பது மற்றொரு தீர்வு. அலைவரிசை சரியாக எட்டாத மலைச்சரிவுகளில் அதை நம்ப முடியாது.

ஒரே வேளையில் எல்லாச் சாதனங்களிலும் நீக்காமல் பகுதி பகுதியாகச் செய்வதும் வழக்கம். ஆன்சிபிளில் ‘சீரியல்’ என்ற அமைப்பால் முதலில் ஒரு சாதனம், பிறகு பத்து, பிறகு எஞ்சியவை என வரிசைப்படுத்தலாம். ‘செக்’ முறையில் இயக்கினால், எவை மாறும் என்பதைக் கருவி எதையும் மாற்றாமல் காட்டும். எனினும் அம்முறை நீங்கப்போகும் வரிகளைக் காட்டுமேயன்றி, அவை நீங்கியபின் எந்தப் பொதி எவ்வழியே செல்லும் என்பதைக் காட்டாது. அதற்கு, அமைவடிவக் கோப்புகளைக் கொண்டு வலையமைப்பின் நடத்தையைக் கணித்துச் சொல்லும் பேட்ஃபிஷ் போன்ற திறமூல மென்பொருட்கள் உள்ளன.

பதிவுகள்

இந்தியாவில் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28ஆம் நாள் வெளியிட்ட பணிப்புரைகளின்படி, நிறுவனங்கள் தம் கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாட்களுக்குப் பேண வேண்டும். குறிப்பிட்ட வகை இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை அறிந்த 6 மணிநேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும். தீச்சுவர்ப் பதிவுகளும் இதில் அடங்கும். ஆனால் விதி நீக்கத்தைப் பொறுத்தவரை, பொதிகளின் பதிவைவிட விதியின் வரலாறு முதன்மையானது. பிளேபுக்குகளை கிட் போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில் வைத்திருந்தால், ஒரு விதியை யார், எந்நாளில், என்ன காரணம் கூறி எழுதினார் என்பதும், பின்னர் யார் நீக்கினார் என்பதும் கிடைக்கும். நீக்கப்பட்ட விதிக்குச் சாதனத்தில் எச்சம் எதுவும் இராது. அதை மீண்டும் எழுத வேண்டிய நாளில் அக்கோப்பின் பழைய பதிப்பு ஒன்றே கைகொடுக்கும்.